என் வீட்டுக்காரரின் கைதட்டல்

என் வீட்டுக்காரர் கைதட்டினால் ஃபிஜியில் எங்கள் ட்ராசா ஊரில் பக்கத்துக் கரும்புக் கொல்லை வரைக்கும் கேட்கும். தட்டுவது நங்கோனா என்ற வேர்ப்பானம் குடிப்பதற்கு. அந்த வேரை இடித்து, பேசினில் தண்ணீர்விட்டுக் கசக்கி, கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுப்பார்கள். வாங்கும்போது ஒரு தட்டு, குடித்து முடித்ததும் மூன்று. உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால்தான் அந்தக் கனத்த சத்தம் வரும். சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்க இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் சமையலறையில் நின்றபடியே கூட்டத்தில் எந்தத் தட்டு அவருடையது என்று சொல்லிவிடுவேன்.

அவருக்கு பேட்டரி வேலை. செத்த பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை மாமரத்தடியில் இரும்புச் சட்டியில் உருக்கி, தகடு வார்த்து இன்னொரு பேட்டரிக்கு உயிர் கொடுப்பார். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு வேலை பெருகியது. புதுச் சாமான் வருவது குறைந்துபோனது. ஊரை விட்டு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போகிறவர்கள் பழைய பேட்டரியை எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். கரும்பு லாரி எதுவும் வழியில் நிற்கக் கூடாது என்று இவருக்கு ஒரு பிடிவாதம். வந்தவர் யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் கால் கட்டைவிரல் வீங்கியது. பிறகு முழங்கால். பிறகு கைவிரல் மூட்டுகள். ஒரு சாயங்காலம் அவர் தட்டிய மூன்றுமே எனக்குக் கேட்கவில்லை. விரல் மடங்காமல் கை குழியவில்லை. "பேட்டரி வீக்காயிடுச்சு" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்ய, அவரும் சிரித்தார். நான் எட்டிப் பார்த்தபோது கைகளை மடியில் ஒளித்துவைத்திருந்தார். எனக்குப் பயம் வந்தது. அந்தக் கைகள் போனால் மனுஷர் என்ன ஆவார்?

எல்லாரும் நங்கோனாவைத்தான் குற்றம் சொன்னார்கள், முதல் ஆளாக நான். சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். "சரி, விட்டுடறேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம் அது. கூட்டத்தில் உட்காருவதை மட்டும் விடவில்லை. கொட்டாங்கச்சி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். கூட்டமும் கரைந்துகொண்டே போனது. விசா வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் பக்கத்து ஃபிஜியன் கிராமத்து நண்பர் ஒருவர்தான் மிச்சம். ரேடியோவில் இந்தியர்களான எங்களை எதிர்த்து யார் என்ன பேசினாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை.

வலி மட்டும் குறையவே இல்லை. தெரிந்த டாக்டர்களும் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் இவர் நகத்துக் கறுப்பைப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டார். ரத்தத்தைப் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் பொறுமையாக விளக்கினார். ஈயப் புகையும் தூசியும் உடம்புக்குள் போய் எலும்பில் தங்கிவிடுமாம். சிறுநீரகம் கெட்டு, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் மூட்டுக்குள் துகளாகப் படிந்து சவ்வை வீங்கவைக்குமாம். குருத்தெலும்பில் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஈயத்தை விட்டால் வீக்கம் மெல்லக் குறையலாம். அப்படியானால் நங்கோனா என்று நான் இழுத்தேன். இந்த வலி அதனால் வந்ததில்லை என்று சிரித்தார்.

மாமரத்தடியில் அன்றைக்குத்தான் எப்போதும் இல்லாத குவியல் கிடந்தது. இதை மட்டும் முடித்துவிடுகிறேன் என்பார் என்று நினைத்தேன். அவரோ நேராகப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தார். வீங்கிய முழங்காலோடு மறுநாளே பஸ் ஏறி, லௌடோகாவில் ஈயம் உருக்கும் மற்றவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தொழிலில் போட்டிக்காரர்கள் அவர்கள். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டதற்கு அன்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

மாத்திரையும் ஓய்வுமாகப் பல மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் நங்கோனா வேரை எடுத்துக்கொண்டு வந்தார். இவர் வாங்கிக் குடித்து, வெறும் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தது சமையலறையில் கேட்டது. நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதல் தட்டு கேட்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது சின்னதாக, ஆனால் அவருடையதாகக் கேட்டது.

ஈரக் கையோடு போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். "எனக்கும் ஒண்ணு மொண்டு குடுங்க" என்றேன். நண்பர் ஒரு கொட்டாங்கச்சி நிறைய மொண்டு நீட்டினார். நான் ஒரு தட்டுத் தட்டி வாங்கிக்கொண்டேன்.