கரேனின் டேட்டாபேஸில் கத்தரீன்

கரேன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ரிங்லெட் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் கணினி படித்தாள். சனிக்கிழமை வகுப்பு இணையத்தில் நடக்கும். வீடு இருப்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்; அங்கே இணையம் எடுக்காது. அதனால் காரை மேட்டு வளைவில் கொண்டுபோய் நிறுத்தி, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொள்வாள்.

"இந்த வயசுல டேட்டாபேஸ் படிச்சு என்னா செய்யப் போற?" என்று அவள் கணவன் எட்ரியன் கேட்டான். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். கேட்டானே தவிர, அந்த மடிக்கணினியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவனும் அவன்தான்.

வீட்டில் மூன்றாவது ஆள் எட்ரியனின் அக்கா கத்தரீன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறாள். தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தான்; இவள் லயத்திலேயே பிறந்தவள். இவள் பிறப்பை யாரும் பதியவில்லை. ஆகவே ஐசி என்கிற அடையாள அட்டை அவளுக்குக் கிடையாது. பல முறை மனு எடுத்துப்போயும், பிறப்புக்குச் சாட்சி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். நாளாக நாளாக, வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோயிற்று.

அந்தப் பருவத்துப் பாடம் டேட்டாபேஸ் அறிமுகம். விரிவுரையாளர் ஹரிதாஸ் நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார். அட்டவணையில் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. அந்த ஆளை அடையாளம் காட்ட ஒரு சாவி வேண்டும். "அது காலியா இருக்கக்கூடாது. ரெண்டு பேருக்கு ஒரே சாவியும் இருக்கக்கூடாது" என்றார். கரேனுக்கு அந்தக் கறார்த்தனம் பிடித்திருந்தது.

இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, நிஜமான ஓர் இடத்துக்கு டேட்டாபேஸ் அமைக்க வேண்டும் என்றார்கள். கரேனின் ஜோடி ஈப்போவிலிருந்து படிக்கும் ப்ரியா. கரேனின் தேவாலயத்தில் அவ்வப்போது இலவச மருத்துவ முகாம் நடக்கும். ஒரே பேரில் நாலு பேர் வந்து தாள்கள் மாறிப்போகும். அதையே எடுத்துக்கொண்டார்கள். நோயாளிக்குச் சாவி எது என்று யோசிக்கவே இல்லை. ஐசி நம்பர்தான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரேன் சமையலறை மேசையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தாள். தன்னை ஏற்றினாள். எட்ரியனை ஏற்றினாள். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் கத்தரீன்.

"அண்ணி, ஒங்களையும் போட்டுப் பாக்கறேன்."

பேர், வயது எல்லாம் போயிற்று. ஐசி கட்டத்தைக் காலியாக விட்டுத் தட்டினாள். சிவப்பு எழுத்தில் மறுத்தது. பூஜ்யங்களாகப் போட்டாள், ஏற்றுக்கொண்டது. அடுத்த லயத்துக் குமுதா நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் ஐசி இல்லை. அவளுக்கும் பூஜ்யம் போட்டதும், இந்த நம்பரில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார் என்று மறுபடி சிவப்பு.

கத்தரீன் எட்டிப் பார்த்தாள். "என்னா, இதுவும் ஐசி கேக்குதா?" என்று சிரித்தாள். "அதுக்குத்தான் நான் கேம்ப்புக்கே போறதில்ல."

கரேன் நிமிர்ந்தாள். அண்ணிக்கு டாக்டர் என்றால் பயம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஒருவாட்டி போனேன். மேசையில ஐசி கேட்டாங்க. பின்னாடி ஆளுங்க நின்னாங்க. வூட்டுல வச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்" என்றாள் கத்தரீன், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரேன் ப்ரியாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ரெண்டு பேரயும் எடுத்துடலாம்லா அக்கா. சும்மா சாம்பிள்தானே. புதன்கிழம அனுப்பணும்."

"அதுல ஒருத்தவங்க என் வீட்ல இருக்காங்க, ப்ரியா."

"சரி, சார்கிட்ட கேளுங்க" என்றாள் ப்ரியா.

கரேன் அன்றைக்கே அவருக்குப் போன் செய்தாள். ஹரிதாஸ் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐசி அந்த ஆளப் பத்தின ஒரு விவரம், அவ்வளவுதான். சாவி அதுவாதான் இருக்கணும்னு இல்ல. ஒங்க கேம்ப்பே ஆளுக்கு ஒரு நம்பர் குடுக்கட்டும். ஐசி இருந்தா எழுதுங்க, இல்லன்னா விடுங்க. ஆனா மருந்து, வருகை, எல்லா அட்டவணையிலயும் மாத்தணும். முடியுமா?"

"மாத்திடறோம் சார்."

மாற்றினார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அறுந்தது. ஐசி இல்லாமல் ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிடாதிருக்க, பேர், பிறந்த வருஷம், இருக்கும் லயம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு வழி செய்தார்கள். அந்த வேலையில், கூடவே எழுத வேண்டிய அறிக்கையின் கடைசிப் பகுதி அரைகுறையாக நின்றது. மதிப்பெண் குறைந்தது. "'ஏ' கிரேடு போச்சுக்கா" என்று ப்ரியா முணுமுணுத்தாள். ஆனாலும் அடுத்த முகாமுக்கு ஈப்போவிலிருந்து அவளே பஸ் ஏறி வந்தாள்.

கத்தரீன் ஸ்வெட்டர் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். மேசையில் கரேன்.

"பேரு?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு" என்றாள் கத்தரீன். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். ரொம்ப அதிகம். "கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்று கேட்டார். "இதுதான் மொத தடவ" என்றாள் கத்தரீன். அன்றைக்கே மாத்திரை தொடங்கியது.

சாயங்காலம் இதைக் கேட்ட எட்ரியன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். அந்த வாரமே லோரிக்கு லீவு சொல்லிவிட்டு, எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, அக்காவைத் தானா ராத்தா பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். ஐசி இன்னும் வரவில்லை. இந்த முறை மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

கத்தரீன் இப்போது முகாம் தவறுவதில்லை. போன தடவை தேவாலய வாசலருகே தயங்கி நின்ற குமுதாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"வா லா. பேரச் சொல்லு, பொறந்த வருஷத்தச் சொல்லு. போதும்."

"வருஷம் எனக்குச் சரியாத் தெரியாதே" என்றாள் குமுதா.

கரேனும் ப்ரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரேன் ஒரு தாளில் குமுதாவின் பேரை எழுதி, முதலில் டாக்டரிடம் அனுப்பினாள். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, பிறந்த வருஷக் கட்டத்தை மாற்றத் தொடங்கினாள்.