மெஷினை நக்கிய பூனை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் வீட்டிலேயே தோணிப் பாய் தைத்துவந்தேன். என் நீளக் கை தையல் மெஷினை மெக்கானிக் ராசையா கழற்றிப் பூட்டிய சில நாளில், அது கடகடவென்று இரைந்தது. அடிநூல் ஓடும் நல்ல ஷட்டிலை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். திறந்து பார்க்க எனக்குத் தெரியாது. யாரிடமும் அதிகம் பேசாத நான், தோணி முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் ராசையாவுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

சத்தம் கூடியது. வேறு மெக்கானிக் இல்லாததால் ராசையாவையே அழைத்து, அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பூனை மெஷினை நக்கிக்கொண்டிருந்தது.

ராசையா திறந்து மோந்து பார்த்தான். "அண்ணாச்சி, இதுல என்னத்த ஊத்துனீய?"

"மெஷின் எண்ணெய் எங்கயும் கிடைக்கல. தோணிக்குப் பூசுத சுறா எண்ணெய்தான்."

"அது பலகையில காஞ்சு பிசினா ஒட்டும்னுதான பூசுதோம்! இங்கயும் ஒட்டிட்டு. பூனைக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையே!" என்று சிரித்தான்.

பிசினைச் சுரண்டியதும் ஷட்டிலில் ஒரு சிலுவைக் கீறல் தெரிந்தது. முதல் தடவை அவன் கழற்றியபோதே, மாற்றிவிடுவான் என்று பயந்து நான் ரகசியமாகக் கீறியது.

இதை முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை. ராசையாவுக்கு அங்கே இன்னும் வேலை இல்லை. பேச வராததால் எழுதுகிறேன். உங்கள் பத்திரிகைக்கு அனுப்புமுன், இந்தத் தாளை முதலாளியிடம் வாசிக்கக் கொடுப்பேன்.

14 செப்டம்பர் 1946