கடைசிக் கூறு ஆருக்கு?

பட்டணத்தில் புதிதாக ஒரு சுட்ட இறைச்சிக் கடை வந்திருக்கிறது. போன ஞாயிறு மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு பேருக்கு நாலு தட்டு. ஆசையில் அவள் தட்டுக்குக் கையை நீட்டினேன்.

"அப்பா, காணாதெண்டால் இன்னொண்டு சொல்லுறன்," என்றாள்.

தட்டில் இருந்தது காணாதென்று யார் சொன்னது? எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அது போதாதென்று அடுத்த மேசையில் குகன், எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். மதில் கட்டும்போது என் காணிக்குள் அரைச் சாண் வந்துவிட்டான் என்று இரண்டு வருடமாக அவனோடு நான் கதைப்பதில்லை. அவன் பார்த்தான். நான் தண்ணீர்ப் போத்தலில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கரிப்புகை மட்டும் பழைய மணம். முந்தி கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடிப்போம். ஈரலைச் சிரட்டைக் கரியில் சுட்டு, உப்பும் தூளும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஒரே தாம்பாளத்தில் வைப்பார்கள். பங்கு பிரித்து முடியுமட்டும் அதில் ஒருவரும் கை வைக்கக்கூடாது.

பிரிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. வாழையிலையில் பத்துக் கூறு. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். மற்றவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். நிற்பவர் பாராமல் பேர் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், படித்தவன் என்று என்னை நிறுத்தினார்கள். முதுகைக் காட்டி நிற்க என்ன படிப்போ தெரியாது.

ஒன்பது பேரைச் சொல்லிவிட்டேன். மிச்சம் குகனின் தகப்பன் ராசையா. அவர் வேலிக் கதியால் தடிகளை எங்கள் காணிக்குள் தள்ளி நட்ட நாளிலிருந்து அந்தப் பேரை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. என் தகப்பனை நாங்கள் ஐயா என்போம். அந்த ஐயா பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு வாய் வரவில்லை.

"கடைசிக் கூறு ஆருக்கடா?" என்றார் கூறைத் தொட்டவர்.

ஈரல் ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ராசையாவுக்கு," என்றார் ஐயா. கோபத்தோடுதான் சொன்னார்.

ராசையா ஈரல் தாம்பாளத்தை ஐயா பக்கம் தள்ளினார். "எடுங்கோ அண்ணை, ஆறிப்போச்சு."

ஐயா எடுத்தார். கதியால் தள்ளின இடத்திலேயே கடைசிவரை நின்றது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இப்போது ஒழுங்கையில் கிடாய் அடிப்பதில்லை. இறைச்சி அவரவர் பையில் அவரவர் வீட்டுக்குப் போகிறது. கோபத்தையும் அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

குகன் எழும்பி எங்கள் மேசையைக் கடந்து போனான். கொஞ்சம் மெதுவாகத்தான் போனான். "குகன்" என்று ஒரு சொல் போதும். எனக்கு வாய் வரவில்லை. எனக்காகச் சொல்ல ஐயாவும் இல்லை.