எஞ்சினுக்குள் போன பருந்து

விமான எஞ்சினுக்கு முன்னால், டேபிள் ஃபேனுக்கு இருப்பதுபோல் ஒரு கம்பிவலை இருக்கும் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன். பறவை வந்தால் அதில் முட்டி, வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்பது என் நினைப்பு.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் முதன்முதலாக விமானம் ஏறினோம். சென்னையில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் 'டமார்' என்று சத்தம். விமானம் உதறியது. கருகல் வாடை வந்தது. நாங்கள் திருத்தணிக்காரர்கள், ஆபத்து என்றால் முதலில் முடிதான் ஞாபகத்துக்கு வரும். "முருகா, உயிரோட எறக்கி வுட்டுடு, மலையில மொட்டை போட்டுக்கிறேன்" என்றேன். எனக்கு இருப்பதோ காதோரம் நாலு முடி. போதாதென்று பட்டதால், "அவளுதும் சேத்து" என்றேன்.

"யோவ், என் முடிய தர்றதுக்கு நீ யாரு?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும்தான எறங்கணும்?"

"ஆங், அதுக்கு டிரைவர் கீறாரு. நீ சும்மா குந்து."

பறவை மோதியதாகவும் திரும்புவதாகவும் ஒலிபெருக்கியில் சொன்ன விமானியின் குரலில் நடுக்கமே இல்லை. எங்கள் மலைக்கு மேல் இறக்கை அசைக்காமல் வட்டமிடும் பருந்துகளை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படியொரு பறவையின் சிறிய உடம்பு இவ்வளவு பெரிய விமானத்தை உலுக்கியதும், அடிபட்ட விமானம் கடலுக்கு மேல் நிதானமாக வளைந்து திரும்பியதும் என்னை மலைக்க வைத்தன. பயப்படக்கூட மறந்து ஜன்னலையே பார்த்திருந்தேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எஞ்சினுக்கு முன்னால் கம்பிவலையே கிடையாது; இடது எஞ்சினுக்குள் ஒரு பருந்து போய், உள்ளே சுழலும் தகடுகள் வளைந்திருந்தன. விமானி மற்ற எஞ்சினை வைத்தே எங்களைச் சென்னையில் இறக்கினார். எங்களில் யாருக்கும் காயமில்லை; பருந்து செத்துப்போயிருந்தது.