தோணி என்ஜினுக்கு நான்கு தகடுகள்

கொச்சியில், மட்டாஞ்சேரிப் படகுக் கடவில் வந்து கட்டியபோது அந்தத் தோணிக்கு என்ஜின் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி, பாயை மட்டும் நம்பி வந்தது. வழியில் காற்றுச் செத்து, மூன்று நாள் கரையைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறார்கள். திரும்பும்போது என்ஜினோடுதான் போவது என்று அதை ஓட்டி வந்த தண்டல் முடிவு செய்துவிட்டார்.

எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி, தோப்பும்படியில் மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியின் டீசல் என்ஜினைக் கொண்டுவந்தார். வருடக்கணக்காக சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு, நின்ற இடத்திலேயே ஓடிய என்ஜின். அதைக் கடலுக்குப் பழக்க வேண்டும். "நீ படிச்சவனல்லே, பாரு" என்று அதன் ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா பஜாரில் மிளகு மூட்டை சுமந்தவர். என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன்.

சூடு தணிக்கிற ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, தோணியின் அடியில் செம்புக் குழாய் ஓடவிட்டோம். அது சுலபம். என்னை யோசிக்க வைத்தது சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி. தரையில் எண்ணெய் மட்டமாக நிற்கும். பாய் விரித்த தோணியோ ஒரு பக்கம் சாய்ந்தே மணிக்கணக்கில் போகும். எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்கினால் பம்பு வெறும் காற்றை இழுக்கும், பேரிங் எரிந்துவிடும். ஆகவே எண்ணெய் ஒதுங்காதபடி உள்ளே நான்கு தடுப்புத் தகடுகளைப் பற்றவைக்க வேண்டும். அளவெல்லாம் போட்டுப் படம் வரைந்து வெல்டரிடம் கொடுத்தேன்.

வெல்டர் என் சிநேகிதன். லைன் வீட்டில் எங்கள் பக்கத்து அறையில் வளர்ந்தவன், எங்களைப் போலவே பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். அவன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குப் போன கடிதத்தைக்கூட நான்தான் எழுதினேன்.

புரொப்பல்லர் தண்டைக் கடைந்து வாங்க எர்ணாகுளம் போய் இரண்டு நாள் நின்றேன். திரும்பி வந்தபோது சம்பை மூடி, பச்சைப் பெயிண்டும் அடித்து, என்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை திறந்து பார்க்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"என்னடா, பெரிய எஞ்சினியர் செக் பண்ண வந்தாச்சா?" என்று சிநேகிதன் சிரித்தான். "நாலு தகடும் வச்சாச்சு. வெள்ளிக்கிழமை தோணியில ஏத்தணும்னு சேட்டன் நிக்கிறார். என்மேல விசுவாசமில்லேன்னா திறந்துக்கோ."

நாங்கள் சேட்டன் என்று கூப்பிடும் முதலாளியும், கூட வேலை செய்யும் மற்ற இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

கிளம்புவதற்கு முன் தண்டல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பாயும் விரிச்சு என்ஜினும் ஓட்டலாமா? சாஞ்சா ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆகாது அண்ணாச்சி. அதுக்குத்தான் உள்ளே தகடு வச்சிருக்கு."

"நீ பாத்தியா?"

"பார்த்தேன்."

பார்க்கவில்லை. அவன் சொன்னதும் நான் பார்த்ததும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

காயலின் அலையில்லாத தண்ணீரில் ஓட்டிப் பார்த்தபோது என்ஜின் அருமையாக ஓடியது. கடவில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தூத்துக்குடிக்குப் புறப்பட்ட ஐந்தாம் நாள் தோணி பாயை மட்டும் விரித்துக்கொண்டு திரும்பி வந்தது. வெளிக்கடலில் நல்ல காற்று. நான்கு மணி நேரம் இடது பக்கம் சாய்ந்தே ஓடியிருக்கிறது. பிறகு சுத்தியல் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி.

என்ஜினைக் கரைக்கு இறக்கி, சம்பின் போல்ட்டுகளை நானே கழற்றினேன். தகடு இல்லை. பற்றவைத்த கருப்புக்கூட இல்லை. ஐஸ் கம்பெனிக் காலத்துக் கசடு அப்படியே அடியில் ஒட்டிக் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சேட்டன்தான் வேண்டாம்னார்" என்றான் சிநேகிதன் மெதுவாக. "தகடு வைக்க ரெண்டு நாள் ஆவும். உங்கிட்ட சொன்னா நீ சம்மதிக்க மாட்டே. எல்லாருக்கும் தெரியும்டா. உன்னை விஷமிப்பிக்க வேண்டாம்னு, மனசு சங்கடப்படுத்த வேண்டாம்னுதான்…"

முதலாளி என்னைப் பார்க்காமல் தண்டலிடம், "அவசரம் உங்களுக்குத்தானே இருந்தது" என்றார்.

தண்டல் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தேன்னியே தம்பி."

என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவரிடம் பார்த்தேன் என்று சொன்னது அவர்கள் யாருமில்லை.

தண்டல் பிறகு என் சிநேகிதனைப் பார்த்து, "ஏலே, நீதான வெல்டரு? பேரிங் மாத்துறதுக்குள்ள தகட்ட வச்சுக் குடு. நான் பாத்த பொறவுதான் மூடணும்" என்றார்.

"சரி அண்ணாச்சி."

எதை வைக்கவில்லை என்று தெரிந்தவன் அவன். எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. தண்டல் என்னை விட்டு அவனைத் தேர்ந்தெடுத்ததில் தப்புச் சொல்ல முடியாது.

இரும்புத் தகட்டைத் தரையில் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் அவன் அளவு கேட்டான். நீளம் சொன்னேன், உயரம் சொன்னேன். தண்டல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் சம்பின் மேல் டேப் வைத்து அளந்து பார்த்துக்கொண்டார்.