கீரியில் நின்ற சிவப்புக் கார்

எனக்குக் கையும் சும்மா இராது, வாயும் சும்மா இராது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பதின்மூன்று வருடமாக மன்னார்த் தீவில் உடைந்த பைபர் படகுகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு படகுப் பட்டறையில் கற்ற தொழில் இது. ஊருக்குத் திரும்பி வந்த புதிதில், பெண் தொட்ட படகில் ஏற மாட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இப்போது விடிய முதல் என் வாசலில் வந்து நிற்பவர்களும் அவர்கள்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. மற்றவர் வார்த்த படகை ஒட்டுவது ஒரு வேலை. சொந்தமாக ஒரு அச்சு வைத்து, அதில் புதுப் படகை நானே வார்த்து எடுப்பது வேறு வேலை. அந்த அச்சுக்கென்று நானும் என் கணவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். சேர்த்தது கைக்கு எட்டிய நேரத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன கார் வந்து குறுக்கே நின்றது.

கீரி என்கிற கடற்கரை ஊரில் ஒருவருடைய தமையன் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் ஆசைக்கு எடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. விடுமுறைக்கு வந்து ஓடித் திரிந்தவர், ஒருநாள் ரோட்டில் படுத்திருந்த கழுதைக்கு விலத்தப் போய்ப் பனையில் கொண்டுபோய் மோதினார். கழுதைக்கும் ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. காரின் மூக்கு மட்டும் போய்விட்டது. அவர் பிளேன் ஏறிவிட்டார். கார் நாலு வருடம் கடற்கரையோரக் கொட்டிலில் கிடந்தது. பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து வந்து பார்த்த டிங்கர்காரர், இது தகரமில்லை, பைபர், தட்டி நிமிர்த்த ஏலாது என்று கையை விரித்துவிட்டாராம். பைபர் என்றதும், கிடக்கிற நிலையிலேயே அதை எனக்கு விற்றுவிடலாம் என்று கீரியில் இருந்த தம்பிக்காரர் என்னைத் தேடி வந்தார்.

சும்மா பார்க்கத்தான் போனேன். மூடியிருந்த படங்கை இழுத்ததும், மாதாவே, என்ன வடிவு! இரண்டே இரண்டு கதவு. நிலத்தோடு ஒட்டிய உடம்பு. நாலு வருடத் தூசிக்குக் கீழேயும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. படகைப் பார்ப்பதுபோல விரல் மொளியால் தட்டித் தட்டிச் சுற்றி வந்தேன். உள்ளே பைபர்ப் படைகள் ஒட்டு விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும், எங்களுக்குக் காது சொல்லிவிடும். மூக்கைத் தவிர எல்லா இடமும் கணீரென்று கேட்டது. இரண்டு கிழமை வேலை! பெரிய பெரிய கராஜ்காரர்கள் கைவிட்டதை நான் எழுப்பி, மன்னார்ப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு வருவதை அந்தக் கொட்டிலுக்குள் நின்றே பார்த்துவிட்டேன். அச்சு ஓடியா போகப் போகிறது, பிறகு பார்க்கலாம் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து நாளில் முடிவு சொல்வதாகத் தம்பிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் நானாட்டான் ஊர்க்காரர். டிராக்டர் திருத்துகிறவர். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று தெரியும், அதற்கு என்னென்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று வழி முழுக்க அடுக்கிக்கொண்டே அவரைக் கூட்டிப் போனேன். மனுசன் உடைந்த மூக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு சாக்கை விரித்துக் காருக்குக் கீழே போய்விட்டார். உடைந்தது முன்னுக்கு, அங்கே என்ன தேடுகிறீர்கள் என்று நான் கத்தினேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நிறையக் கறள், துருப்பிடித்துப் பொடிந்த இரும்பு.

மேலே பைபர் என்றாலும் அதைத் தாங்குகிற சட்டம் முழுக்க இரும்பு. நாலு வருட உப்புக்காற்று அதைத் தின்று தீர்த்திருந்தது. எங்கள் படகுக்குத் தோல்தான் எலும்பும், உள்ளே இரும்பு கிடையாது. தட்டிப் பார்த்தால் முழுப் படகையும் பார்த்தது மாதிரித்தான். அந்தப் பழக்கத்தில் நான் கீழே குனிந்தே பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. இரும்பை நீங்கள் செய்யுங்கள், பைபரை நான் செய்கிறேன் என்று விடாப்பிடியாக நின்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "செய்யலாம்" என்றார். "அச்சுக்கு வச்சிருக்கிறது முழுக்க இதுக்குள்ள போகும். அதுவும் பரவாயில்லை. ஆனால் செய்து முடிச்சாப்பிறகு ஆக்கள் என்ன சொல்லுவினம்? இன்ன கொம்பனிக் கார் எண்டுதான் சொல்லுவினம். இவ்வளவு வருசமா மற்றாக்கள் செய்ததைத்தானே ஒட்டுறாய். உன்ர எண்டு ஒண்டு வேண்டாமா?"

படங்கை இழுத்துக் காரை மூடிவிட்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது சரி, அதுதான் கோபம்.

மூன்றாம் நாள் தம்பிக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"கார் எனக்கு வேண்டாம் தம்பி. வேற ஆரின்ர தலையிலயும் கட்டுறதெண்டால் கீழயும் குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்கோ."

அவர் விலையைப் பாதியாகக் குறைத்தார். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள் நின்றது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் என் அச்சிலிருந்து முதல் படகு கழன்று வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு கீறல் இல்லை. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். படகை வாங்கியவர் பதிவு செய்ய எங்களையும் மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிவத்தில் கட்டியவரின் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. அங்கே இருந்த கிளார்க் பேனையைப் பிடித்தபடி என் கணவரை நிமிர்ந்து பார்த்து, பெயரைச் சொல்லுங்கோ ஐயா என்றார். நான் வாயைத் திறக்க முதல், என் கணவர் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையை என் பக்கம் இழுத்துவிட்டார்.

"எனக்கு டிராக்டர்தான் தெரியும். படகு கட்டினது இவ. இவவைக் கேளுங்கோ."

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்து என் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் அதை எழுதி முடிக்கும்வரை எழும்பவில்லை.