ஈரத் தோலுக்கு நடுவே ஒரு தெரு

போன வாரம் மழையில் ஊறிய செருப்பை ஹாலில் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டேன். சற்று நேரத்தில் வீடெங்கும் ஈரத் தோல் வாசனை. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். நான் மட்டும் மூச்சை இழுத்தேன்...

ஆம்பூர்!

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஆபீஸ். அந்தப் பக்கம் தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் ஃபினிஷிங் ஷெட். ஷெட்டின் மாடியறையில் ஸ்டெல்லாவும் மூன்று பெண்களும் எந்தத் தோல், என்ன நிறம், எத்தனை பீஸ் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதை ஃபிளாப்பியில் போட்டு, ரயில்வே கேட் திறக்கும்வரை நின்று, ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். பாதி நாள் ஃபிளாப்பி வெயிலிலேயே உயிரை விட்டுவிடும்.

சென்னையில் இருந்த மேனேஜர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார் — திங்கட்கிழமை அவர் வரும்போது இரண்டு கட்டடமும் ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டெல்லா இருக்கும் செக்‌ஷன் சென்னைக்கு மாறும். ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஸ்டெல்லா சென்னைக்கு எப்படிப் போவார்? நான்கு வேலை போகும். அவ்வளவுதான்.

தண்டவாளத்தின் குறுக்கே கேபிள் இழுக்க அனுமதி வாங்க நாளாகும். காற்றில்தான் பாலம் கட்ட வேண்டும். ஆபீஸ் மாடியில் ஆக்சஸ் பாயின்ட் என்ற வயர்லெஸ் பெட்டி ஒன்று, ஷெட் மாடியில் ஒன்று. இரண்டையும் எதிரெதிரே பார்க்கவைத்து பிரிட்ஜ் மோடில் போட்டால், இரண்டு கட்டடமும் ஒரே வீடு! ரவுட்டர் வைத்து இரண்டு தனி வீடாகவும் விடலாம். ஆனால் எங்கள் பழைய சாஃப்ட்வேர் பக்கத்து அறையில் மட்டும்தான் சர்வரைத் தேடும். தெருவைத் தாண்டத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வார லீவு. தொந்தரவு இல்லையே என்று அன்றைக்கே மாட்டினேன். பெட்டியில் கொத்தாகப் பச்சை சிக்னல் விளக்குகள். கவிதை எழுதியவனைப் போல வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை — ஒரு சிக்னல் விளக்கும் இல்லை.

சேனலை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பெட்டியைத் தட்டினேன், கெஞ்சினேன். ஷெட் மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம், தோல் காயவைக்கும் மேஸ்திரி காதர் பாய் சிரித்தார்.

"இன்னா சார், காத்துல கம்பி இழுக்கிறீங்களா? அறுந்து போச்சா?"

"சும்மா இருங்க பாய், பேஜாரா இருக்கு."

ஸ்டெல்லா டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தார். அது எந்தக் கேள்வியைவிடவும் கனமாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு உள்ளேயிருந்து அவர் குரல் — "சார்! வந்துட்டுது சார்!"

நான் எதையும் தொடவில்லையே? மொட்டைமாடிக்கு ஓடினேன். காதர் பாயின் ஆட்கள் மூங்கில்களிலிருந்து தோலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. மொட்டைமாடியின் ஒரு முனையில் என் ஆன்டெனா, மறுமுனைக்கு அப்பால் ஆபீஸ். நடுவில் காலையிலிருந்து வரிசை வரிசையாக ஈரத் தோல். ரேடியோ அலைக்கு ஈரத்தைப் போல எதிரி இல்லை. வெள்ளிக்கிழமை அந்த மாடி வெறுமையாக இருந்தது... லீவு நாளில் எல்லா வழியும் திறந்துதான் கிடக்கும். ஊர் வேலை செய்யும் நாளில் அல்லவா வழியைச் சோதிக்க வேண்டும்?

ஆன்டெனாவை மறுமுனைக்கே கொண்டுபோகலாம். அதற்கு நீளமான கேபிள் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்.

"பாய், நடுவுல தோல் போடாம ஒரு சந்து விட முடியுமா? ஒரு வாரம்தான்."

"மூணு மூங்கில் வரிசை சார் அது. காத்து ஜாஸ்தி வர்ற எடமே அதான். என் தோலை எங்க போடுவேன்?"

நியாயம்தானே? அவருக்கும் சரக்கு போயாக வேண்டும். நான் திரும்பினேன். பின்னால் ஸ்டெல்லா வந்து நின்றிருந்தார்.

"வாணாம் சார். அவரு வேலையும் வேலைதானே."

காதர் பாய் அவரைப் பார்த்தார். "உன் வேலைக்கு இன்னாம்மா?"

ஸ்டெல்லா சொன்னார். நான்கே வாக்கியம். அழவில்லை.

திங்கட்கிழமை காலை மாடிக்குப் போனேன். இரு பக்கமும் பழுப்புத் தோல்கள் அசைய, நடுவில் நேராக ஒரு வெற்றுத் தெரு. தெருமுனையில் வானம். மற்ற வரிசைகளில் தோலை நெருக்கி, இரண்டு தவணைக்குப் பதில் மூன்று தவணையாகக் காயவைத்துக்கொண்டிருந்தார் காதர் பாய். அந்தத் தெரு வழியாக, கண்ணுக்குத் தெரியாமல், தோல் எண்ணிக்கை தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. மேனேஜர் ஆபீஸ் ஸ்க்ரீனை அரை மணி நேரம் பார்த்தார். "சரி, இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மூன்று சொல். ஷெட்டுக்கு வந்து சொன்னதும் நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸைத் தேடினார்கள்.

மாலையில் மேகம் கறுத்திருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிய ஸ்டெல்லா, ஷெட் கேட்டில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த காதர் பாயிடம் நின்றார். நன்றி என்ற சொல்லை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"பாய், நாளைக்கு மழை வந்தா ஒரு குரல் குடுங்க. தோலை இறக்க மேல நாங்க நாலு பேர் இருக்கோம்."